இடம் என்றே இருக்கட்டும்

போன மாதம் ஷைனி எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த வேத (பைபிள்) மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், ஓய்வுக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, இதுதான் மனதுக்குப் பிடிக்கிறது என்று வந்த பெண்.

"ஆன்ட்டி, நம்ம எளிய தமிழ் வேதத்துல ஒரு வரிய சாஃப்ட்வேர் ஒவ்வொரு தடவையும் மஞ்சள் அடிச்சுக் காட்டுது. போனவனை அவனுடைய இடம் இனி அடையாளம் காணாதுன்னு வருதுல்ல, அது. இடம் எப்படி ஆன்ட்டி அடையாளம் காணும்? இயல்பா இல்லன்னு சொல்லுது. முதல் வரைவுல 'வீட்டார்'னு இருந்திருக்கு. திரும்ப அதையே போட்டுடவா?"

"போடாதே" என்று உடனே பதில் அனுப்பினேன். "ஏன்?" என்று கேட்டாள். அந்த ஏனுக்குக் குரல் பதிவில் பதில் சொல்ல வரவில்லை. நாலு தடவை பேசிப் பேசி அழித்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த வார்த்தை எப்படி மாறியது என்று அலுவலகத்தில் எங்கும் பதிவு கிடையாது. பதிந்தால் நம்மைப் பைத்தியம் என்பார்கள் என்று, எங்கள் குழுவில் எபிரெயம் படித்தவரான ஞானமுத்து ஐயா சொல்லிவிட்டார். இப்போது ஐயா இல்லை. என்னை யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

நான் படாளம் பக்கத்துக்காரி. பத்தாவதோடு படிப்பு நின்று, செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். நகலெடுக்கிற தாளை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் எனக்கு. பத்திரம், ஜாமீன் மனு, கல்யாணப் பத்திரிகை எதையும் விட மாட்டேன். கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஒருநாள் வேத வரைவுகளை நகலெடுக்க வந்த ஐயா, கவுன்டருக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்று நான் படிப்பதைக் கேட்டார்.

"மூணாவது வரியில தடுக்கிச்சே, ஏம்மா?"

"வரி அப்படி, சார். வாயில கல்லு கடிக்குது."

"அந்தக் கல்லைத்தாம்மா நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

வேலைக்குப் பெயர் வாசிப்பாளர். மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு பகுதியை எழுதி முடித்ததும், அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து நான் ஊர் ஊராகக் கொண்டுபோவேன். வேதத்தை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கும் வீடுகளுக்குப் போகக் கூடாது. அவர்கள் நம் தாளைக் கேட்டுவிட்டு, சின்ன வயதில் படித்த பழைய வசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பெரும்பாலும் இந்து வீடுகளுக்குத்தான் போவேன். இது எங்கள் வேதம், உங்களைச் சோதிக்க வரவில்லை, எங்கள் எழுத்தைச் சோதிக்க வந்திருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு இரண்டு தடவை படிக்க வேண்டும். தாளை மடியில் கவிழ்த்துவிட்டு, "என்ன கேட்டீங்களோ உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வாசிப்பாளருக்கு வாயும் கிடையாது, முகமும் கிடையாது. தலையாட்டக் கூடாது. எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்கள் வெகுநேரம் சும்மா இருந்தாலும் நாமும் சும்மா இருக்க வேண்டும்.

பேச்சுப் பைத்தியமான எனக்கு அந்தச் சும்மா இருத்தல்தான் பெரிய தண்டனை. ஆனால் அதில்தான் எத்தனை சொத்துகள் கிடைத்தன! வீட்டை விட்டு ஓடிப்போகும் ஒருவன் வெட்டவெளியில் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி, கனவில் வானத்துக்கு ஏணி கண்ட கதையைப் படித்தபோது, திருப்போரூர் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார்: "கல்லு மேல தல வச்சா தூக்கமா வரும்? இந்த மாதிரி ஏதாச்சும்தான் வரும்." மகனைப் பலி கொடுக்கப் போகிற தகப்பன், தூரத்தில் அந்த இடத்தைப் பார்த்த கதையைப் படித்தபோது, படாளத்தில் நாற்று நட்டுவிட்டு வந்த ஓர் அம்மா கால் சேற்றைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அவன் அந்த எடத்தப் பாக்கறதுக்கு முன்னாடியே அந்த எடம் அவன பாத்துட்டு இருந்திருக்கும், பாவி."

திரும்பி வந்து இதைச் சொன்னதும் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எபிரெய மொழியைப் பற்றிப் பேசப்போகிறார் என்றால் கண்ணாடியைக் கழற்றுவார். அது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு கதைகளிலும் வருவது ஒரே சொல்தான் என்றார். மாக்கோம். இடம். எழுந்து நிற்பது என்ற வேரிலிருந்து வருகிற சொல். வேதத்தில் நூற்றுக்கணக்கான தடவை வருகிறது. சில சமயம் ஊர், சில சமயம் வீடு, சில சமயம் சமாதி, சில சமயம் சும்மா ஒரு இடம். "ஆனா சில கதையில மட்டும் அது வெறும் தரையா இருக்காதும்மா. அந்த ஓடிப்போனவன் ராத்தங்க ஒரு இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சான்னு அங்க இல்ல. இடத்து மேல மோதினான்னு இருக்கு. இருட்டுல ஒரு ஆள் மேல மோதுற மாதிரி. காலையில எழுந்து பயந்துபோய், கடவுள் இங்க இருந்திருக்காரு, எனக்குத் தெரியாம போச்சேங்கறான். பிற்காலத்து யூத குருமார் கடவுளையே 'இடம்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க."

"கடவுளை எதுக்குய்யா இடம்னு கூப்பிடணும்?"

"உலகம் அவருக்கு இடம் இல்ல, உலகத்துக்கு அவர்தான் இடம்னு சொல்லுவாங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயிர்சாத டப்பாவைத் திறந்தார். அவருக்கு அவ்வளவுதான். பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டு உடனே ஊறுகாய் தேடுவார்.

யாரையும் தப்பு என்று சொல்ல மாட்டார். குழுவில் சண்டை வந்தால் மூல வரியை எபிரெயத்தில் ஒரு தடவை உரக்கப் படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். நான் ஊரிலிருந்து திரும்பியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன சொன்னார்கள் என்பதாக இருக்காது. "எந்த இடத்துல நிறுத்துனாங்க?" என்பார்.

இனி ஷைனி கேட்ட வரிக்கு வருகிறேன். பிள்ளைகளையும் சொத்தையும் உடம்பின் சுகத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த ஒரு மனிதனின் புலம்பலில் அது வருகிறது. செத்துப் போகிறவன் தன் வீட்டுக்குத் திரும்புவதில்லை, அவன் இருந்த இடமும் அவனை இனி அடையாளம் காணாது என்கிறான். குழுவில் இருந்த மற்ற எல்லோரும், இடம் எப்படி அடையாளம் காணும், கேட்கிற ஜனங்கள் குழம்புவார்கள், முன்பாதியில் வீடு வருகிறதே, பின்பாதியில் 'வீட்டார்' என்று போட்டால் எளிதாக இருக்கும் என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எளிய தமிழ் என்றாலே முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு மீனைத் தட்டில் வைப்பது என்று நினைக்கிற தொழில் எங்களுடையது. ஐயா எபிரெயத்தைப் படித்தார், கையைக் கட்டிக்கொண்டார், வாக்கெடுப்பில் தோற்றார். "சரி, ஊர்ல படிச்சுப் பாக்கலாம்" என்றார்.

படித்தேன். மதுராந்தகம் பக்கம், திருக்கழுக்குன்றம் பக்கம், எங்கும் அந்த வரி வழுக்கிக்கொண்டு போனது. போனவன் வரமாட்டான், வந்தாலும் வீட்டு ஆட்களுக்கு அவனைத் தெரியாது. எல்லோரும் ஒரே மாதிரி திருப்பிச் சொன்னார்கள். யாரும் எங்கும் நிறுத்தவில்லை. எனக்குத் திருப்தி. ஐயா மட்டும், "இவ்வளவு சுலபமாவா போச்சு?" என்று கேட்டார்.

கடைசியாக நெம்மேலிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனேன். அங்கே கன்னியம்மாள் எனக்கு முன்பே பழக்கம். மீன் விற்கப் போகும் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, "டீச்சரம்மா கத சொல்றாங்க, வாயப் பொத்திகினு கேளுங்கடி" என்று அதட்டுகிறவள். அவள் புருஷன் ஏழுமலை காசிமேட்டில் ஒரு போட்டில் தொழிலுக்குப் போனவன். நெல்லூர்ப் பக்கம் ஒரு கரையில் சாமான் வாங்க இறங்கினவன் திரும்பி ஏறவில்லை. போட் காத்திருந்து பார்த்துவிட்டு வந்துவிட்டது. பிணமும் இல்லை, செய்தியும் இல்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது கல்யாணத்துக்கு நிற்கிறாள். கன்னியம்மாள் பொட்டும் தாலியுமாகவே இருந்தாள். கரையோரம் இருந்த அவள் பழைய வீட்டை, அந்த வரிசையோடு சேர்த்துக் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது குப்பமே மேற்கே தள்ளி, கான்கிரீட் வீடுகளில் இருக்கிறது.

அன்று இரண்டு தடவை படித்துத் தாளைக் கவிழ்த்தேன். மற்றவர்கள் சொன்னார்கள். கன்னியம்மாள் முறை வந்தபோது, "போனவன் திரும்பி வர்ல" என்று தொடங்கினாள். "வந்தாலும் வூட்டுல கீறவங்களுக்கு..." என்றவள் நிறுத்திவிட்டாள். நான் விதிப்படி சும்மா இருந்தேன். வலை பின்னுகிற சத்தம் கேட்டது. அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"வூட்டுக்காரன் நெனப்பு வந்துட்ச்சு" என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. மகளுக்கு வரன் முடிவானது. கல்யாணத்துக்கு முன்னால் ஏழுமலைக்குக் காரியம் செய்து முடித்துவிட வேண்டும் என்று அவன் அண்ணன் சங்கர் ஆடி அமாவாசைக்கு நாள் குறித்தார். ஆள் கிடைக்காமல் போனவர்களுக்கு தர்ப்பையில் உருவம் செய்து கரையில் வைத்துக் காரியம் செய்வார்கள். அதோடு கன்னியம்மாளின் பொட்டும் தாலியும் போய்விடும். அது நெருங்குகிற நேரத்தில், நெல்லூர்ப் பக்கத்து ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் ஏழுமலை ஜாடையில் ஓர் ஆள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சங்கரே போய் அந்த ஆளை அழைத்து வந்துவிட்டார்.

கன்னியம்மாள் போன் செய்தாள். "டீச்சரம்மா, நீ கெளம்பி வா. அந்தப் பேப்பர எட்துகினு வா."

போனேன். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். மொட்டை அடித்த தலை. பல் பாதி இல்லை. ஏழுமலைக்கு முன்கையில் பச்சை குத்தியிருக்குமாம். இவருக்கு அதே முன்கையில் முழங்கை வரைக்கும் தீக்காயத் தழும்பு. பேச்சு கிடையாது. தண்ணீர் கொடுத்தால் குடித்தார். பார்க்கச் சொன்ன பக்கம் பார்த்தார்.

"என் தம்பிதான். பொறந்ததிலிருந்து பாத்தவன் நான் சொல்றேன், இவ இன்னாடான்னா மூஞ்சத் திருப்பிகினு கீறா" என்றார் சங்கர்.

"நெல்லூர்ல நீ பாத்தப்ப, 'எனக்கே சந்தேகமா கீது'ன்னு போன்ல சொன்னியே மாமா, அது யாரு?" என்றாள் உள்ளிருந்து கன்னியம்மாள்.

உள்ளே போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸ் பெட்டியில் கிடந்தது போல இருந்தது.

"அவருன்னு சொல்லி, அவரா இல்லன்னா, வயசுப் பொண்ணு கீற வூட்ல யாரோ ஒருத்தன வெச்சிகினு இருப்பேன். அவரு இல்லன்னு சொல்லி, அவரா இருந்துட்டா? தாலி கட்டுனவர நானே மறுபடியும் அனாதையா அனுப்பிடுவேன். பாக்குறேன் டீச்சரம்மா. ஒரு நேரம் அவரு மாதிரியே கீது. கண்ண சிமிட்னா யாரோ. நீ அன்னிக்கு அத்தப் படிச்சதிலிருந்து என் கண்ணு செத்துப்போச்சு. வூட்ல கீறவங்களுக்கு அடையாளம் தெரியாதுன்னு எழுதிட்டான் இல்ல? என்ன பாத்து எழுதுன மாதிரி எழுதிட்டான். சொல்லு, அதுல மெய்யாலுமே அப்டித்தான் கீதா?"

எனக்கு எபிரெயம் தெரியாது. தெரிந்தாலும் அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. ஐயாவுக்கு போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவங்க எந்த இடத்துல நிறுத்துனாங்க?" என்றார். சொன்னேன். "நான் வரேம்மா" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் மாமல்லபுரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, வெயில் ஏறின பிறகு வந்து சேர்ந்தார். ஐயா நல்ல உயரம். நாற்காலி போட்டார்கள். வேண்டாம் என்று கன்னியம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, அந்த மூல பாஷையில வீட்டார்னு இல்ல. நாங்க சுலபமா இருக்கட்டும்னு போட்டது அது. அங்க இருக்கறது இடம். அவன் இருந்த இடம் அவனை அடையாளம் காணாதுன்னு இருக்கு."

"எடம்னா? மனையா?"

"மனைன்னு இல்லம்மா. அவன் நின்ன இடம், படுத்து எழுந்த இடம். அந்த வார்த்தைக்கு அதான் பொருள்."

"எடத்துக்குக் கண்ணு கீதா?"

"இருக்கற மாதிரிதான் அந்த ஜனங்க பேசினாங்க. இன்னொரு வரியில ஒருத்தன் இதைவிட பயங்கரமா சொல்றான். ஆளு போனப்புறம் அவன் இருந்த இடமே, உன்னை நான் பாத்ததே இல்லன்னு சாதிச்சிடுமாம்."

கன்னியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மெதுவாக இறங்கியது. "அப்ப என்னிய சொல்லல" என்றாள்.

"உங்களைச் சொல்லல."

"அடையாளம் சொல்ல வேண்டியது நானில்ல. எடம்."

சங்கர் சிரித்தார். "இன்னா சாமி, ஆதார் கார்டு இல்லன்னா கடற்கரைய சாட்சிக்கு இட்டாருவீங்களா? அந்த எடத்துல இப்ப நண்டுதான் கீது."

"நண்டு இருந்தா நண்டு" என்று கன்னியம்மாள் எழுந்தாள். "மாமா, அவர இட்டுகினு வா. ஆனா யாரும் கை காட்டக் கூடாது. எங்க இருந்துச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது. வாயத் தொறந்தா பாரு."

அது எங்கள் விதி. தாளைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருப்பது.

நண்பகல். கடலில் அலை இருந்தது, ஆனால் சத்தம் எங்கேயோ தள்ளிக் கேட்பது போல இருந்தது. பழைய வரிசை இருந்த பக்கத்தில் சுவரோ, கம்பமோ, ஒரு செங்கல்லோ இல்லை. கடல் எடுத்துக்கொண்டு போய், கரையில் பாறாங்கல் கொட்டின பிறகு மணலை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தது. எங்கே என்று காட்டச் சொன்னால் என்னாலும் முடியாது, குப்பத்தார் பலராலும் முடியாது. நாங்கள் கும்பலாகப் பின்னால் நின்றோம். சங்கர் அவர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

அந்த மனிதர் நின்றார். பிறகு நடந்தார். கடல் அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. மெதுவாக, யாரோ கூப்பிட்டதற்குப் போகிற மாதிரி அவசரமில்லாமல் நடந்தார். ஒரு இடத்தில் நின்று செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு தலையைக் குனிந்தார்.

தாழ்ந்த வாசலில் நுழைகிறவர் குனிவது போல. நெற்றி இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஒரு அடி உள்ளே வைத்தார். நிமிர்ந்தார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி எதையோ தடவினார். விரல்கள் எதற்குள்ளோ நுழைந்து துழாவின. அங்கே ஆகாயம்தான் இருந்தது. கிடைக்கவில்லை என்பது போலக் கையை இறக்கிக்கொண்டு மணலில் குந்தினார்.

"பீடி" என்றார் சங்கர். "கூரைல சொருவி வெப்பான்."

மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். கன்னியம்மாள் மட்டும் நடந்து போனாள். செருப்பு கிடந்த இடத்தில் நின்றாள். அவளும் குனிந்தாள். நுழைந்தாள். அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்சம் பொறுத்து ஐயாவும் அவர்கள் பக்கம் போனார். போகும்போது அவரும் அந்த இடத்தில் குனிந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏன்யா குனிஞ்சீங்க?" என்று.

"நான் குனிஞ்சேனா?" என்றார்.

கன்னியம்மாள் மணலிலிருந்து எழுந்து வந்து சங்கரிடம் சொன்னது ஒரே சொல்தான். "அவருதான்." காரியத்துக்குச் சொல்லியிருந்த ஐயரிடம் வேண்டாம் என்று சொல்ல அன்றே ஆள் போனது. கல்யாணத்தில் அந்த மனிதர் புது வேட்டி கட்டி, தகப்பன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஐயா அந்த வரியை எபிரெயத்தில் படித்தார். இந்த முறை கையைக் கட்டிக்கொள்ளவில்லை. "இடம் என்றே இருக்கட்டும்" என்றார். அந்தக் குரலுக்கு எதிரே யாரும் வாக்கெடுப்பு கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் நான் விடவில்லை. "ஐயா, வசனம் இடத்துக்கு அடையாளம் தெரியாதுன்னுதானே சொல்லுது? அந்த இடத்துக்குத் தெரிஞ்சுதே. அப்ப வசனம் பொய்யா?"

"அதைச் சொன்னவன் உடம்பெல்லாம் புண்ணா சாம்பல்ல உக்காந்திருந்தவன்மா. அவன் அப்படித்தான் சொல்லுவான். அவன் சொன்னதை நாம சொன்னாப் போதும். அவன் வலியைத் திருத்துறது நம்ம வேலை இல்ல. ஆனா அவன் இடத்தைப் பாத்துப் பேசினதை, வீட்டாரைப் பாத்துப் பேசினதா நாம மாத்துனோம் பாரு, அது ஒருத்தி தலையில போய் விழுந்துடுச்சு."

ஆகவே ஷைனி, உன் சாஃப்ட்வேர் சொல்வது சரிதான். அந்த வரி இயல்பாக இல்லை. ஊருக்கு எடுத்துப் போ. படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வை. யாராவது அங்கே நிறுத்தினால், நிறுத்தட்டும்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஐயாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஐயா போன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

ஓய்வு பெறுவதற்கு முன்னால், பழகின ஊர்களில் சொல்லிக்கொண்டு வரலாம் என்று போனபோது அந்தக் குப்பத்துக்கும் போனேன். மகள் புருஷன் வீட்டில் இருந்தாள். அந்த மனிதர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சதை பிடித்திருந்தார். பேச்சு இன்னும் வரவில்லை. கன்னியம்மாள் வாசலில் உட்கார்ந்து வாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தாள். ஊர்க் கதையெல்லாம் பேசினோம். பேசிக்கொண்டே இருந்தவள் அரிவாள்மணையை நகர்த்தி வைத்துவிட்டு, உள்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். யாராண்டயும் சொன்னதில்ல."

"சொல்லு."

"அவரு போனப்போ நம்ம வூட்டு வாசல் கெழக்கால இருந்துச்சு. கடலப் பாத்து. அவரு போனப்புறம் ஒரு புயல்ல அந்தப் பக்கம் சாஞ்சு பூட்ச்சு. அத்த அடச்சுட்டு வடக்கால ஒரு வாசல் வெச்சோம். குட்ட வாசல். கடல் எட்துகினு போறவரைக்கும் அதான் வாசல்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்த நண்பகல் கண்முன்னே வந்தது. கடல் அவருடைய இடது கைப்பக்கம். தெற்கே பார்த்து நுழைந்தார். வடக்கு வாசல்.

"அவரு அந்த வாசல பாத்ததே இல்ல, டீச்சரம்மா. அவரு இருந்தப்ப அங்க செவுரு. அன்னிக்கு அவரு குனிஞ்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் அவருதான்னு சொன்னே?"

"பீடி வெக்கிற எடம் தெரிஞ்சுதே. அத்த வேற யாரு தேடுவா? அவரு இல்லன்னு எப்டி சொல்றது?"

"அப்படின்னா..."

"ஒண்ணு, எடமே அவருக்குச் சொல்லிக் குடுத்துருக்கணும். இல்லன்னா, அவரு நடுவுல எப்பவோ வந்துட்டுப் போயிருக்கணும். அந்த வாசல்ல பூந்து வந்துருக்கணும். நான் உள்ளதான் இருந்துருப்பேன். எனக்குத் தெரியாம பூட்ச்சு."

வாளை மீன் மேல் ஈ உட்கார்ந்தது. அவள் விரட்டவில்லை. உள்ளே அந்த மனிதர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அவள் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"தெனமும் ராவிக்கும் பகலுக்கும் அதே நெனப்புதான். அந்த வாசலுக்கு யாரு யாரு வந்தாங்க? மழைக்கு ஒதுங்குனவன் ஒருத்தன். குடிச்சுட்டு வந்து குந்திகினவன் ஒருத்தன், அவன தொடப்பத்தால வெரட்டுனேன். சோறு கேட்டு வந்தவங்க எத்தினியோ பேரு. போட்டும் கீறேன், இல்லன்னும் சொல்லிகீறேன். ஒவ்வொருத்தரா நிறுத்தி வெச்சு மூஞ்சப் பாக்குறேன், டீச்சரம்மா. ஒரு மூஞ்சியும் வர்ல. குட்ட வாசல் ஆச்சா, எல்லாரும் குனிஞ்சுகினுதான வந்தாங்க. குனிஞ்ச தலைங்கதான் வருது."